சாரட்டுக் குதிரைக்கு என்ன ஆச்சு? அறிகுறி பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழிமுறை

அப்பா பழநி அடிவாரத்தில் ஜட்கா ஓட்டியவர். நான் பிழைக்க வந்த இடம் தென்னாப்பிரிக்காவின் டர்பன். இங்கே ஊருக்கு வடக்கே, கரும்புக் காடுகளுக்கு நடுவில் உள்ள ஒரு லாயத்தில் 6 குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறேன். 4 பெர்ஷரான் என்ற கனத்த இனத்தின் கலப்பு, 2 ஃபிரீசியன் இனம். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கத்துக் கல்யாணங்களுக்கு மாப்பிள்ளை அழைப்புச் சாரட்டு இழுப்பதுதான் அவற்றின் வேலை.

அப்பாவிடம் கற்றது இங்கே பாதிக்குத்தான் உதவியது. அவருடைய குதிரை சின்ன நாட்டுக் குதிரை, தினமும் உழைத்தது. இங்குள்ளவை 700, 800 கிலோ எடை. வாரத்தில் 5 நாள் சும்மா நின்றுவிட்டுச் சனி, ஞாயிறில் வேலை செய்கின்றன. நோய்களும் வேறு. ஆகவே இங்கே சாரட்டுத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்காக, குதிரையிடம் என்ன கண்டால் எதைச் சந்தேகிக்க வேண்டும், உடனே என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன். கால்நடை மருத்துவருக்கு இது மாற்று கிடையாது. அவர் வந்து சேரும் வரை என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதற்குத்தான் இது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: தெர்மாமீட்டர் வையுங்கள். தீனி எடுக்கவில்லை, இருமுகிறது, சோர்வாக நிற்கிறது, வயிறு வலிப்பது போலத் தெரிகிறது, எதுவாயினும் சரி. காய்ச்சல் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிட்டால் பாதி வழி கடந்த மாதிரி.

முதலில் உங்கள் குதிரையின் கணக்கு

நல்ல உடம்போடு ஓய்வில் நிற்கும் வளர்ந்த குதிரைக்கு வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 28 முதல் 44. தாடை எலும்பின் உள்பக்க விளிம்பில் விரல் வைத்தால் கிடைக்கும். மூச்சு 8 முதல் 16. ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வயிற்றின் இரண்டு பக்கமும் காதை வைத்தால் கடகடவென்று சத்தம் கேட்க வேண்டும்.

வெப்பம் பார்க்கும்போது நேர் பின்னால் நிற்காதீர்கள். பக்கவாட்டில், பின்தொடையை ஒட்டி நின்று, வாலை ஒதுக்கி, வாஸ்லின் தடவிய தெர்மாமீட்டரை மலவாயின் பக்கச் சுவரைத் தொடும்படி வையுங்கள். அதில் ஒரு நூல் கட்டி, நூலின் மறுமுனையை ஒரு கிளிப்பில் மாட்டி வால் முடியில் கவ்வ விட்டால் உள்ளேயும் போகாது, கீழே விழுந்தும் உடையாது. வேலை முடிந்து வந்த உடனே பார்த்தால் வெப்பம் கூடித்தான் இருக்கும். காலையில் தீனிக்கு முன், மாலையில் இருட்டுவதற்கு முன் என்று நேரம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு நோட்டில் எழுதுங்கள். 37.6 என்று தினமும் எழுதிய குதிரைக்கு 38.4 வந்தால், அது பொது அளவுக்குள் இருந்தாலும் உங்களுக்கு ஒரு சேதி.

தீனி தொடவில்லை, தலை தொங்குகிறது, காய்ச்சல் இருக்கிறது

தென்னாப்பிரிக்காவில், அதிலும் டர்பன் இருக்கும் குவாசுலு நட்டால் மாகாணத்தில், பிப்ரவரி முதல் மே வரை ஒரு குதிரைக்கு 39-க்கு மேல் காய்ச்சல் என்றால் முதலில் நினைக்க வேண்டியது ஆப்பிரிக்கக் குதிரை நோய். இல்லை என்று மருத்துவர் சொல்லும் வரை அதுதான் என்றே நடந்துகொள்ளுங்கள்.

இது ஒரு வைரஸ். குதிரைக்குக் குதிரை தொட்டு ஒட்டாது, மனிதருக்கும் வராது. மிட்ஜ் என்று இங்கே சொல்லும், கொசுவை விடப் பல மடங்கு சிறிய கடிப்பூச்சிதான் ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்கிறது. வரிக்குதிரை உடம்பில் இந்த வைரஸ் பெரிதாக எதுவும் செய்யாமல் இருந்துவிட்டுப் போகும். நம் குதிரைக்குத்தான் எமன். 1854, 55-இல் கேப் பகுதியில் மட்டும் ஏறக்குறைய 70,000 குதிரைகளைக் கொன்ற நோய் இது. 1908-இல் கால்நடை மருத்துவர் ஆர்னால்ட் தைலர் தலைமையில் ஒன்டர்ஸ்டெபோர்ட் கால்நடை ஆய்வுக்கூடம் வந்ததற்குப் பின்னாலும் இந்த நோயின் கதை இருக்கிறது.

பூச்சி கடித்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் காய்ச்சல் வரும். அதற்குப் பிறகு இரண்டு பாதை. ஒன்றை டன்காப் என்பார்கள். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மூக்குத்துவாரம் விரிந்து, கழுத்தை நீட்டி, முன்னங்கால்களை அகட்டி நிற்கும், வியர்த்துக் கொட்டும், இருமும். கடைசியில் மூக்கில் வெள்ளை நுரை தள்ளும். சில மணி நேரத்தில் முடிந்துவிடும், பிழைப்பது அபூர்வம். இன்னொன்று டிக்காப், அதாவது தடித்த தலை. கண்ணுக்கு மேலே குழியாக இருக்குமே, அந்த இடம் நிரம்பி மேடாகும். இமை, உதடு, கன்னம், கழுத்து என்று வீக்கம் பரவும். கண்ணின் உள்சவ்வில் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள் தெரியும். இதில் பாதிக்குப் பாதி பிழைக்கலாம். இரண்டும் கலந்தும் வரும்.

நீங்கள் செய்ய வேண்டியது: அந்த நிமிஷமே வேலையை நிறுத்துங்கள். லாயத்திலிருந்து வாசலுக்குக்கூட வீணாக நடத்தாதீர்கள். இந்த நோயில் உடம்பை அலட்டுவதே குதிரையைக் கொல்லும். நிழல், தண்ணீர், வாய்க்கு எட்டும் உயரத்தில் மென்மையான புல். மருத்துவரை அழைத்து, ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. வலி, காய்ச்சல், வீக்கம் தணிக்கத்தான் அவர் கொடுப்பார். இது 1984-ஆம் ஆண்டின் விலங்கு நோய்ச் சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட நோய். சந்தேகம் என்றாலே அரசு கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்தாக வேண்டும். தொழில் கெட்டுவிடும் என்று யாராவது மறைக்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

எனக்கு இது வலித்துத் தெரிந்தது. இங்கே வந்த புதிதில் கருப்பன் என்று ஒரு ஃபிரீசியன் வைத்திருந்தோம். மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீனியில் கொஞ்சம் மிச்சம் வைத்தான். கண் பளிச்சென்று இருந்தது, நடை சரியாக இருந்தது, விட்டுவிட்டேன். சனிக்கிழமை மாலை மண்டபத்து வாசலில் இரண்டு தடவை இருமினான். தூசி என்று நினைத்தேன். ஞாயிறு விடியும்போது லாயத்துத் தரையெல்லாம் நுரை. வெள்ளிக்கிழமையே காய்ச்சல் பார்த்திருந்தால் பிழைத்திருப்பான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாகப்போகிற பிராணியைச் சாரட்டில் பூட்டியிருக்க மாட்டேன்.

தடுப்பூசி கட்டாயம். இரண்டு பாட்டில், குறைந்தது 3 வார இடைவெளியில், வருஷா வருஷம். இந்த வைரஸில் 9 வகை உண்டு, ஊசி எல்லாவற்றையும் நேரடியாக அடக்காது, ஊசி போட்ட குதிரைக்கும் நோய் வரலாம். ஆனாலும் போட்டதற்கும் போடாததற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பலவீனப்படுத்திய உயிருள்ள வைரஸ் என்பதால் ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் 2 வாரம் கடும் வேலை கூடாது. இங்கேதான் நம் பஞ்சாங்கம் கைகொடுக்கிறது. ஆடியில் கல்யாணம் குறைவு, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற மாதம். புரட்டாசியில் இங்குள்ள தமிழர்கள் விரதம் இருப்பார்கள், சாரட்டுக்கு ஆளே வராது. ஆகவே முதல் பாட்டில் ஆடியில், அடுத்தது புரட்டாசியில். வண்டியும் நிற்கும், குதிரைக்கும் ஓய்வு, நோய்க்காலம் தொடங்குவதற்குள் எதிர்ப்புச் சக்தியும் வந்துவிடும். ஊசி விவரத்தைக் குதிரையின் பாஸ்போர்ட்டில், அதாவது அதன் அடையாளப் புத்தகத்தில், அப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

மிட்ஜ் சூரியன் சாய்ந்ததிலிருந்து விடியும் வரை மேயும். சாயங்காலத்துக்கு 2 மணி நேரம் முன்பே குதிரையை உள்ளே கட்டி, காலை வெயில் ஏறிய பிறகு வெளியே விடுங்கள். சன்னல், கதவுக்கு நெருக்கமான நிழல்வலை, உள்ளே ஒரு மின்விசிறி. இந்தப் பூச்சியால் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது. நமக்குப் பிரச்சினை மாலை வரவேற்புகள். மாசி, பங்குனி, சித்திரையில் மாலை 6 மணிச் சவாரியை நான் இப்போது ஒப்புக்கொள்வதே இல்லை, முகூர்த்தத்துக்குக் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிடுவேன். அதனால் போன வாடகை போகட்டும். உறைபனி விழுந்தால் நோய் அடங்கும் என்று இங்கே சொல்வார்கள். அது உள்நாட்டுக்குப் பொருந்தும். டர்பன் கரையோரத்தில் உறைபனி ஏது? ஜூனிலும் நோட்டை மூடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. தலை வீக்கம் என்றால் எப்போதும் டிக்காப் என்று இல்லை. வேலி ஓரத்தில் அவகாடோ மரம் இருந்து, அதன் இலையைத் தின்றாலும் தலை, கழுத்து, நெஞ்சுப் பக்கம் வீங்கும், இதயமும் பாதிக்கப்படும். பாம்பு முகத்தில் கடித்தாலும் வீங்கும். மூன்றுக்குமே ஓய்வும் மருத்துவரும்தான். கொல்லையில் என்னென்ன மரம் இருக்கிறது என்று அவருக்குச் சொல்லுங்கள்.

காய்ச்சல் இருக்கிறது, ஈறு வெளுத்து அல்லது மஞ்சளாக இருக்கிறது

இது பெரும்பாலும் பிலியரி, உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிப்பதால் ரத்தச் சிவப்பணுவுக்குள் ஒட்டுண்ணி புகுந்து அணுக்களை உடைக்கிறது. ஈறு, கண்சவ்வு வெளுக்கும், பிறகு மஞ்சளாகும். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகலாம். லத்தி காய்ந்து, சிறு உருண்டையாக வரும். கால் வீங்கும். வேலைக்குப் பூட்டினால் சீக்கிரமே மூச்சிரைக்கும். மருத்துவர் ரத்தத்தைக் கண்ணாடியில் பூசிப் பார்த்து உறுதி செய்வார். இதற்கு மருந்து உண்டு. ஆனால் அந்த ஊசியே வயிற்று வலியும் எச்சில் ஒழுகலும் உண்டாக்கக்கூடியது, அளவு தவறினால் ஆபத்து. ஆகவே பக்கத்துப் பண்ணையில் மிச்சம் இருக்கிறது என்று வாங்கி நீங்களே குத்தாதீர்கள். தேறின பிறகும் 3, 4 வாரம் சாரட்டு வேண்டாம், ரத்தம் ஊற நாளாகும்.

உண்ணி தேட இரண்டு இடம்: காதுக்குள்ளே, வாலுக்கு அடியில். செங்கால் உண்ணி குட்டியாக இருக்கும்போது காதிலும், வளர்ந்ததும் மலவாயைச் சுற்றியும் இருக்கும். தினம் கை விட்டுப் பாருங்கள். மாட்டுக்கு அடிக்கிற அமிட்ராஸ் மருந்தைக் குதிரைக்கு அடிக்கவே கூடாது. குடல் இயக்கம் நின்று, லத்தி அடைத்து, வயிற்று வலியில் செத்துப்போகும். கடையில் மாட்டு மருந்துதான் கண்முன் இருக்கும். லேபிளில் குதிரைப் படம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வயிற்றைத் திரும்பிப் பார்க்கிறது, தரையைக் காலால் கிளறுகிறது, புரள்கிறது

வயிற்று வலி. தீனியை எடுத்துவிடுங்கள், தண்ணீர் இருக்கட்டும். நாடி, ஈறு, வயிற்றுச் சத்தம், கடைசியாக லத்தி போட்ட நேரம், இந்த நான்கையும் பார்த்துக்கொண்டு மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். நாடி 60-க்கு மேல், ஈறு கருஞ்சிவப்பு அல்லது நீலம் பாய்ந்தது, வயிற்றில் சத்தமே இல்லை என்றால் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். குடல் முறுக்கு என்றால் மணிக்கணக்கு முக்கியம். அமைதியாகப் படுத்திருந்தால் படுக்கட்டும். புரண்டு அடித்துக்கொண்டால் மட்டும் 10, 15 நிமிஷம் மெதுவாக நடத்துங்கள். மணிக்கணக்காக இழுத்துக்கொண்டு திரிந்தால் உங்கள் இருவருக்கும் களைப்புத்தான் மிச்சம்.

நம் ஊரில் மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றிப் புகட்டுவார்கள். அப்பாவும் செய்திருக்கிறார். தயவுசெய்து செய்யாதீர்கள். வாய் வழியாக ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் போய்விடும். மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் சரியாக இறக்குவார். கையில் இருக்கும் வலி மருந்தையும் அவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள், வலி மறைந்து நோய் வளரும்.

காரணம் தேடினால் எங்கள் லாயத்தில் பெரும்பாலும் தண்ணீர்தான். 800 கிலோ குதிரை சும்மா நின்றாலே 40 லிட்டர் குடிக்கும், வெயிலில் உழைத்த நாளில் அதைப்போல இரண்டு மடங்கு. மண்டபத்துத் தண்ணீர் வாசனை பிடிக்கவில்லை என்று குடிக்காமலே திரும்பி வரும். அதனால் வீட்டிலிருந்தே 2 கேன் தண்ணீர் வண்டியில் ஏற்றுகிறோம். தினமும் உலர்ந்த புல் உடம்பு எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் 2 பங்கு, அதாவது 12 முதல் 16 கிலோ. தெஃப் புல் பிரதானம், குதிரைமசால் கொஞ்சம். கோழி, மாட்டுத் தீவன மூட்டையைக் குதிரைத் தீவனத்தின் பக்கத்தில்கூட வைக்காதீர்கள். அவற்றில் கலக்கும் மோனென்சின் என்ற மருந்து குதிரையின் இதயத்தைச் சிதைத்துவிடும்.

தமிழ்க் கல்யாணத்துக்கென்றே ஒரு ஆபத்து உண்டு: அரளி. கோவில் மாலையிலும் வண்டி அலங்காரத்திலும் செவ்வரளி வைத்துக் கட்டுவார்கள். அரளியின் பூ, இலை, தண்டு எல்லாமே விஷம், காய்ந்தாலும் விஷம். ஒரு கைப்பிடி இலை போதும், அவ்வளவு பெரிய குதிரையும் சாய்ந்துவிடும். வயிற்று வலி, கழிச்சல், நாடி தாறுமாறாக ஓடுவது, பிறகு திடீரென்று விழுவது. பூ அலங்காரம் செய்பவரிடம் முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்: குதிரையிலும் வண்டியிலும் அரளி கூடாது, சாமந்தி போதும். மாலை போட்ட குதிரையை ஒரு நிமிஷம்கூட ஆள் இல்லாமல் விடாதீர்கள். பக்கத்து மாலையை எட்டிக் கடிக்க அதற்கு ஒரு நொடி போதும்.

சவாரி தொடங்கிய கால் மணி நேரத்தில் பின்பக்கம் விறைத்து நின்றுவிடுகிறது

வியர்க்கும், அடி எடுத்து வைக்க மறுக்கும், இடுப்புச் சதை பலகை போல இறுகும், சிறுநீர் காபி நிறத்தில் போகும். முரண்டு பிடிக்கிறது என்று சாட்டையைத் தொடாதீர்கள். சதை உடைந்துகொண்டிருக்கிறது. உடைந்த சதையின் நிறம்தான் சிறுநீரில் வருகிறது, அது சிறுநீரகத்தை அடைக்கும்.

அந்த இடத்திலேயே நிறுத்தி, அவிழ்த்து, நிழலில் நிற்க வையுங்கள். வீடு அரை கிலோமீட்டர்தான் என்று நடத்திக்கொண்டு போகவே கூடாது. தண்ணீர் காட்டுங்கள், மருத்துவரை வரவழையுங்கள், ஏற்றிப் போக வண்டி கொண்டு வரச் சொல்லுங்கள். மாப்பிள்ளை நடந்து போகட்டும்.

பழைய காலத்தில் வெள்ளைக்காரர்கள் இதைத் திங்கள்கிழமை நோய் என்றார்கள். ஞாயிறு முழுக்க ஓய்வு, ஆனால் தீனி முழு அளவு, திங்கள் காலை பூட்டியதும் இப்படி ஆகும். நம் தொழிலில் 5 நாள் ஓய்வு, ஆகவே இது சனிக்கிழமை நோய். பெர்ஷரான், பெல்ஜியன் போன்ற கனத்த இனங்களில் சர்க்கரையைச் சதையில் தப்பாகச் சேர்த்துவைக்கும் பரம்பரைக் கோளாறு நிறைய உண்டு. பிடரி மயிரின் வேரைப் பரிசோதித்தே கண்டுபிடிக்கலாம். இழுக்கிற குதிரைக்கு மக்காச்சோளமும் ஓட்ஸும் அள்ளிக் கொடுப்பதுதான் பாசம் என்று நானும் நினைத்திருந்தேன். இப்போது ஓய்வு நாளில் தானியமே கிடையாது. சக்தி வேண்டுமானால் சமையல் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குகிறோம், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கப் வரை. தினமும் திறந்த வெளியில் விடுகிறோம், செவ்வாய், வியாழனில் வெறும் வண்டியோடு அரை மணி நேர நடை. அதற்குப் பிறகு இந்த நோய் எங்கள் லாயத்துக்கு வரவில்லை.

மூச்சு வாங்குகிறது, நின்ற பிறகும் அடங்கவில்லை

வேலை முடிந்து 10 நிமிஷம் நிழலில் நின்றால் நாடி 60-க்குக் கீழே வந்துவிட வேண்டும். வராமல், வெப்பமும் 40-ஐத் தாண்டியிருந்தால் வெயில் தாக்கியிருக்கிறது. வியர்வை நின்று தோல் காய்ந்தால் இன்னும் மோசம். சேணத்தைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள், வெப்பம் 39-க்கு இறங்கும் வரை. சூடான உடம்பில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் சதை பிடித்துக்கொள்ளும் என்பது வீண் பயம். குடிக்கவும் விடுங்கள்.

புறப்படும் முன் ஒரு கணக்குப் போடலாம். வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, காற்றின் ஈரப்பத விழுக்காட்டைக் கூட்டுங்கள். டர்பன் பிப்ரவரியில் 30 டிகிரி செல்சியஸ் என்றால் 86, ஈரப்பதம் 75, கூட்டினால் 161. கூட்டுத்தொகை 150-ஐத் தாண்டினால் சுமையையும் தூரத்தையும் குறைக்க வேண்டும், 180 என்றால் வண்டியே பூட்டக் கூடாது. நான் 165-ஐத் தாண்டினாலே சவாரியை மண்டப வாசல் ஒரு சுற்றோடு நிறுத்திவிடுவேன்.

வெயிலும் இல்லை, காய்ச்சலும் இல்லை, இருமல் மட்டும் என்றால் தூசி. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை கரும்பு வெட்டுக் காலம், சோகையைக் கொளுத்தும் புகையும் கரியும் லாயத்துக்குள் வரும். புல்லைத் தண்ணீரில் நனைத்துக் கொடுங்கள், காட்டைக் கொளுத்துகிற அன்று குதிரைகளை எதிர்ப்பக்கம் மாற்றுங்கள்.

நொண்டுகிறது

குளம்பிலிருந்து மேலே பாருங்கள், மேலிருந்து கீழே அல்ல. பெரும்பாலும் குளம்புதான். குளம்பைத் தொட்டுச் சூடு பாருங்கள், கணுவுக்குப் பின்னால் இரு பக்கமும் விரல் வைத்து நாடி பாருங்கள். ஒரு காலில் மட்டும் சூடும் துள்ளும் நாடியும் இருந்து, அந்தக் காலை ஊன்றவே மாட்டேன் என்றால் உள்ளே சீழ். லாடம் அடித்து இரண்டு மூன்று நாளில் வந்தால் ஆணி உயிர்ப் பகுதியில் ஏறியிருக்கும், அடித்தவரையே கூப்பிடுங்கள். சீழ் வெளியேறியதும் ஒரே நாளில் நடை திரும்பும். எப்சம் உப்புக் கலந்த வெந்நீரில் முக்கி, மேலே சுத்தமான துணி கட்டுங்கள்.

இரண்டு முன்னங்காலிலும் சூடு, எடையைப் பின்னால் சாய்த்து, முன்கால்களை நீட்டி நிற்கிறது என்றால் அது வேறு. குளம்புக்குள்ளேயே அழற்சி. தீவன அறைக் கதவு திறந்து கிடந்து தானியம் தின்ற குதிரைக்கு மறுநாள் இது வரும். ஐஸ் தண்ணீரில் கால்களை நிறுத்திக்கொண்டே மருத்துவரைக் கூப்பிடுங்கள். நடத்தாதீர்கள்.

அடிப்பாதத்தில் அழுகல் வாடை, கறுப்புக் கசிவு: ஈரத்தரை. தரையைக் காய வையுங்கள், தினம் குளம்பைச் சுரண்டுங்கள். லாடம் 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை.

ராத்திரியில் காலை உதைத்துக்கொண்டே இருக்கிறது

கீழ்க்காலில் நீண்ட மயிர் உள்ள குதிரைகளில் சிறு பூச்சிகள் குடியேறி அரிக்கும். கல்யாணத்துக்கு முன் பளபளப்பாகத் தெரிய வேண்டும் என்று காலைக் கழுவி, ஈரத்தோடு கட்டினால் குதிகால் பக்கம் வெடித்துக் கசியும். மயிரை வெட்டிவிடுங்கள், அழகு போனால் போகட்டும், திரும்ப வளரும்.

வண்டியில் பூட்டினால் நகர மறுக்கிறது, தலையை உதறுகிறது

அடம் என்று ஒரு நோய் கிடையாது. முதலில் தோள் காலரைக் கழற்றிப் பாருங்கள். கீழ்ப்பக்கம், மூச்சுக்குழாய்க்கும் காலருக்கும் நடுவே விரித்த கை போய் வர வேண்டும். அதற்கு மேல் இடம் இருந்தால் ஆடித் தேய்க்கும், குறைந்தால் மூச்சைப் பிடிக்கும். மழைக்காலப் புல்லில் பருத்து, குளிரில் இளைக்கிற உடம்புக்கு ஒரே காலர் வருஷம் முழுக்கப் பொருந்தாது. தோளில் மயிர் கலைந்த இடம், சூடு, சின்ன வீக்கம் கண்டால் அன்றைக்கே நிறுத்துங்கள். உப்புத் தண்ணீரில் கழுவி ஆற விடுங்கள். மஞ்சள் பூசி மேலேயே காலரைப் போட்டுப் பூட்டுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் புண் ஆறாது. வெள்ளை மயிராக முளைத்த தழும்பு உள்ள குதிரையை யாராவது விற்க வந்தால் அதன் பழைய முதலாளியைப் பற்றி அந்தத் தழும்பே சொல்லும்.

தோள் சரியாக இருந்தால் அடுத்தது வாய். கடிவாள இரும்பு இடிக்கிற இடத்தில் பல் கூராகியிருக்கலாம், வருஷம் ஒரு முறை பல்லை அராவ வேண்டும். தீனியை மென்று உருண்டையாகத் துப்பினால் பல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக் குதிரைகளின் வாலுக்கு அடியில் கருப்பு உருண்டைகள் தெரியும். நிறக்கட்டி, வயதானால் அந்த நிறத்தில் பலவற்றுக்கும் வருவது. வால்பட்டை உரசினால் புண்ணாகும். மருத்துவரிடம் காட்டிவிட்டு, பட்டையைத் துணி சுற்றி மெத்தென்று ஆக்குங்கள்.

மேளத்துக்கும் வெடிக்கும் மிரள்கிறது

தவிலுக்குப் பழக்கலாம். எங்கள் லாயத்தில் தீனி நேரத்தில் நாதஸ்வரப் பதிவைச் சின்னச் சத்தத்தில் ஆரம்பித்து, வாரம் வாரம் கூட்டினோம். பிறகு மேளக்காரரையே ஒரு நாள் வரவழைத்து 50 அடி தள்ளி வாசிக்கச் சொன்னோம். 2 மாதத்தில் கெட்டிமேளத்துக்கும் காதை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றன. வெடிக்குப் பழக்க முடியாது, முயலாதீர்கள். தீபாவளியும் நவம்பர் 5-ஆம் தேதி வெடி கொளுத்தும் கை ஃபாக்ஸ் இரவும் ஒன்றை ஒட்டி ஒன்று வரும். அந்த வாரங்களில் மாலைச் சவாரி வேண்டாம். குதிரைகளை உள்ளே கட்டி, விளக்கு எரிய விட்டு, ரேடியோ போட்டு, புல் நிறைய வைத்து, ஒரு ஆள் கூடவே இருங்கள். வேலியில் மோதிக் கால் உடைந்தால் வைத்தியம் கிடையாது.

சாரட்டில் பூட்டியிருக்கும்போது மிரண்டால் ஒருவர் தலைப்பக்கம் நின்று பேசட்டும், இன்னொருவர் லகானை விடாமல் பிடிக்கட்டும். ஆட்கள் இறங்கட்டும், அப்புறம் அவிழ்க்கலாம். வண்டியோடு இணைந்திருக்கும் குதிரையின் கடிவாளத்தை என்ன காரணத்துக்காகவும் கழற்றக் கூடாது, படம் எடுக்க வேண்டும் என்றாலும், மாலை சரியாக விழவில்லை என்றாலும். அதோடு சேர்ந்த கண்பட்டை விலகிய நொடியில், பின்னால் ஒரு பெரிய சக்கரப் பொருள் துரத்துகிறது என்று நினைத்து ஓட ஆரம்பிக்கும், பிடிக்க உங்கள் கையில் எதுவும் இருக்காது. பூட்டும்போது லகான் முதலில், இழுவைப் பட்டைகள் பிறகு. அவிழ்க்கும்போது பட்டைகள் முதலில், லகான் கடைசியில்.